பரப்பு மட்டும் போதுமா?



ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் ஒரு செய்தி தவறாமல் வரும். ஆர்க்டிக் கடலின் பனிக்கட்டி இத்தனை இலட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது என்பதே அச்செய்தி. 2012-ஆம் ஆண்டு அது ஏறக்குறைய 34 இலட்சம் சதுர கிலோமீட்டராகக் குறைந்ததை நாம் அறிவோம்.

ஆனால், பரப்பு என்பது பாதிக் கணக்குதான். நீளமும் அகலமும் தெரிந்தால் கன அளவு கிடைத்துவிடுமா? உயரமும் வேண்டும் என்று ஆறாம் ஆண்டு மாணவனே சொல்வான். அரை மீட்டர் தடிப்புள்ள பனிக்கட்டியும் மூன்று மீட்டர் தடிப்புள்ள பனிக்கட்டியும் பரப்புக் கணக்கில் ஒன்றுதான். முன்னது ஒரு கோடையில் கரைந்துவிடும், பின்னது தாக்குப்பிடிக்கும். ஆகவே, தடிப்பைச் சொல்லாத செய்தி முழுமையான செய்தி ஆகாது என்பது என் கருத்து.

தடிப்பை எவ்வாறு அளக்கிறார்கள்? ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2010-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஏவிய கிரையோசாட்-2 செயற்கைக்கோள் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நுண்ணலைத் துடிப்புகளை அனுப்பும். இருளும் முகிலும் அவ்வலைகளைத் தடுப்பதில்லை. பனிக்கட்டியின் மேற்பரப்பிலிருந்து திரும்பும் எதிரொலியையும், பனிப்பிளவுகளில் தெரியும் கடல்நீரிலிருந்து திரும்பும் எதிரொலியையும் ஒப்பிட்டால், பனிக்கட்டி நீருக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்பது தெரியும். மிதக்கும் பனிக்கட்டியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே மேலே தெரியும். மேலே 20 செண்டிமீட்டர் என்றால் மொத்தத் தடிப்பு சுமார் 2 மீட்டர்.

மெல்லிய பனிக்கட்டிக்கு இம்முறை அவ்வளவாகப் பொருந்தாது. அதற்கு 2009-இல் ஏவப்பட்ட சுமோஸ் செயற்கைக்கோள் துணைநின்றது. பனிக்கட்டி தானே வெளியிடும் 21 செண்டிமீட்டர் அலைநீளக் கதிர்வீச்சைக் கொண்டு, ஏறத்தாழ அரை மீட்டர் வரையிலான தடிப்பை அது கணிக்கும்.

சிக்கல் எங்கே இருக்கிறது? மேலே 2 செண்டிமீட்டர் பிழை நேர்ந்தால் மொத்தத் தடிப்பில் ஏறக்குறைய 20 செண்டிமீட்டர் பிழை வரும். பனிக்கட்டியின்மேல் படிந்திருக்கும் வெண்பனி இன்னொரு சிக்கல். நுண்ணலை அதனை ஊடுருவிப் பனிக்கட்டியைத் தொட்டுத் திரும்புவதாகக் கொள்கிறார்கள். வெண்பனி ஈரமாகவோ உப்புக் கலந்தோ இருந்தால் அலை இடையிலேயே திரும்பிவிடும். தடிப்பு கூடுதலாகத் தோன்றும். வெண்பனியின் ஆழத்திற்கோ, 1954 முதல் 1991 வரை சோவியத் மிதவை நிலையங்களில் எடுத்த அளவீடுகளையே பல காலம் சார்ந்திருந்தார்கள். கோடையில் பனிக்கட்டியின்மேல் தேங்கும் உருகுநீர்க் குட்டைகளும் பனிப்பிளவுகளும் ஒன்றுபோலவே எதிரொலிக்கும். அதனால் கோடைக்கால அளவீடு நெடுநாள் இயலாமலிருந்து, 2022-இல்தான் ஆண்டு முழுமைக்குமான பதிவு வெளியானது.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்படியானால் எல்லாமே வெறும் ஊகந்தானே?” என்று சிலர் எள்ளி நகையாடுவர். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். நீர்மூழ்கிக் கப்பல்கள் பனிக்கட்டிக்கு அடியிலிருந்து ஒலியலையால் அளந்தன. 1958-1976 காலத்தில் நீருக்குள் சராசரியாக 3.1 மீட்டர் இருந்த பனிக்கட்டி, 1990-களில் அதே இடங்களில் 1.8 மீட்டராகக் குறைந்திருந்தது. அடியிலிருந்து ஒலியலை, மேலிருந்து நுண்ணலை என வழிகள் வேறு. பனிக்கட்டி மெலிகிறது என்னும் விடை ஒன்றே. பிழையின் அளவை வெளிப்படையாகச் சொல்வது அறிவியலின் நேர்மை. அதனைப் பலவீனம் என்று கொள்வது நம் அறியாமை.

“செயற்கைக்கோள்தான் அளக்கிறதே, பனியில் ஆள் எதற்கு?” என்று கேட்போரும் உளர். 2019-2020-இல் போலார்ஸ்டெர்ன் கப்பல் பனிக்கட்டியோடு உறைந்து மிதந்தபோது, ஆய்வாளர்கள் பனியின்மேலேயே நுண்ணலைக் கருவியை நிறுத்தி ஆய்ந்தனர். பனியைத் துளைத்து அளக்கும் கை இல்லையென்றால், விண்ணிலுள்ள கண்ணைத் திருத்துவது யார்? ஆகவே, இரண்டிற்கும் பணம் ஒதுக்குவது வீண்செலவன்று.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘ஆர்க்டிக் பனிக்கட்டி உருகினால் கடல் மட்டம் உயரும்’ என்று மாணவர்கள் கட்டுரையில் எழுதுகிறார்கள். ஏற்கெனவே மிதக்கும் பனிக்கட்டி உருகுவதால் கடல் மட்டம் பெரிதாக உயர்வதில்லை. நிலத்தின்மேல் உள்ள பனி உருகினால்தான் உயரும். கடற்பனிக்கட்டி மறைந்தால் நேரும் கேடு வேறு. வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும் வெண்பரப்பு போய், அதனை உறிஞ்சிக்கொள்ளும் கருங்கடல் வெளிப்படும். வெப்பம் மேலும் ஏறும்.

எனவே, மாணவர்களிடம் எண்ணை மட்டும் ஒப்புவிக்கச் சொல்லாதீர்கள். “இது எப்படித் தெரிந்தது? எவ்வளவு பிழை இருக்கலாம்?” என்று கேட்கப் பழக்குங்கள். அக்கேள்விகளைக் கேட்கத் தெரிந்த தலைமுறை, பொய்க்கும் மயங்காது, மெய்யையும் மறுக்காது.

சிந்திப்போம்!