ஓடாத வண்டியும் தேயும்!

இங்கிலாந்தில் பழைய மோரிஸ், ஆஸ்டின், ஜாகுவார் வைத்திருப்பவர்களில் பலர் நவம்பர் பிறந்தால் வண்டியை ஷெட்டுக்குள் தள்ளிவிடுவார்கள். மார்ச், ஏப்ரல் வந்தால்தான் வெளியே எடுப்பார்கள். இதைச் சொன்னதும் என் பெஞ்சு நண்பன், "காசு கொழுப்புடா அது! கார்னா ஓட்டத்தானே, பூட்டி வைக்கவா?" என்றான். உங்களில் பாதிப்பேரும் அதையேதான் சொல்வீர்கள்.

அவர்கள் பயப்படுவது பனிக்கு அல்ல, உப்புக்கு! ரோட்டில் தண்ணீர் உறைந்து வழுக்காமல் இருக்க, குளிர்காலம் முழுக்க உப்பைத் தூவுகிறார்கள். நல்ல செறிவான உப்புக் கரைசல் மைனஸ் 21 டிகிரி வரைகூட உறையாது. அந்த உப்புத் தண்ணீரைச் சக்கரம் வாரி அடித்து வண்டியின் அடிவயிற்றில் பூசுகிறது. முதலாண்டு கெமிஸ்ட்ரியில் படித்த எலக்ட்ரோலைட் இதுதான். துத்தநாகப் பூச்சு இல்லாத ஐம்பதுகளின் தகடு எத்தனை குளிர்காலம் தாங்கும்? ஜெர்மனியில் 1997 முதல், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை ஓடலாம் என்பதை நம்பர் பிளேட்டிலேயே அச்சடித்துத் தருகிறார்கள். மற்ற மாதங்களில் ரோட்டுக்கு வரக்கூடாது, அந்த மாதங்களுக்கு வரியும் கிடையாது.

சரி, நமக்கேன் இந்தக் கதை? வண்டியை நிறுத்தி வைப்பது சும்மா இருப்பதல்ல, அதுவும் ஒரு வேலை என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நாம் ஓட்டக் கற்கிறோம், கழற்றக் கற்கிறோம், மாட்டக் கற்கிறோம். தூங்க வைக்க மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

"வாரம் ஒருதரம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வெச்சா போதும்" என்று எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்பிக்கை இல்லையா? ஆக்டேன் என்று வைத்துச் சமன்பாடு எழுதிப் பாருங்கள்: 114 கிராமுக்கு 162 கிராம் தண்ணீர்! இஞ்சின் நன்றாகச் சூடானால் அது ஆவியாகி வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் ஆயிலும் சூடாகாது, சைலன்சரும் சூடாகாது. தண்ணீர் உள்ளேயே தங்கித் துருவாகிறது. சோக் இழுத்து ஸ்டார்ட் செய்ததில் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடுகிறது. ஸ்டார்ட்டர் குடித்த கரண்டும் பேட்டரிக்குத் திரும்புவதில்லை. எடுத்தால் அரைமணி நேரமாவது ரோட்டில் ஓட்டணும், இல்லாவிட்டால் தொடவே கூடாது!

அங்கே செய்வது எளிய வேலைகள்தான். பழைய ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும், அது பேரிங்கை அரிக்கும். அதனால் நிறுத்துவதற்கு முன்பே புது ஆயில் மாற்றுகிறார்கள். ரேடியேட்டரில் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதி. வெறும் தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் பெருத்து இஞ்சின் பிளாக்கையே பிளந்துவிடும். ஹேண்ட் பிரேக்கைப் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிறார்கள், பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளக் கூடாதே! பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினால் உள்ளே வியர்க்கும், அதனால் காற்றுப் போகும் துணிதான். சைலன்சர் வாயை அடைப்பது எலிக்காக. (அடுத்தவர் காரைக் குளிர்காலம் முழுக்கப் பார்த்துக்கொள்வதே அங்கே ஒரு தொழில். வேலை வேலை என்று அலைகிறவர்கள் கவனிக்கவும்!)

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டாம். என் அப்பா பள்ளிக்கூடம் போகாதவர். அறுப்பு முடிந்ததும் அரிவாளைத் துடைத்து, எண்ணெய் தடவி, கூரையில் செருகுவார். "ஈரத்தோட வெக்காதடா" என்பார். அதே பாடம்தான்.

இப்போது நம் பட்டறைக்கு வருவோம். அங்கே நிற்கும் அம்பாசடர் யார் தெரியுமா? இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸின் வாரிசு! 2014-ல் தயாரிப்பே நின்றுவிட்ட வண்டி. அதன் அண்ணன் அங்கே கம்பளி போர்த்தாத குறையாகத் தூங்குகிறான். நம்ம ஆள் மே மாத விடுமுறையில் அனாதையாக நிற்கிறான். உப்பும் பனியும் இங்கே இல்லைதான். ஆனால் வெயிலில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். 2025-ல் நம் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். நமக்குக் கோடை விடுமுறைதான் குளிர்காலம்!

விளைவு என்ன? ஒவ்வொரு ஜூனிலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. மூன்று வாரச் செய்முறை வகுப்பு படம் போட்டே கழியும். வீட்டில் கார் இருக்கிறவனுக்குப் பரவாயில்லை. முதன்முதலில் ஒரு பானட்டைத் திறந்ததே இந்தப் பட்டறையில்தான் என்கிற என்னைப் போன்றவனுக்கு அந்த மூன்று வாரம் திரும்பக் கிடைக்காது.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். செய்முறைத் தேர்வு முடிந்த மறுநாள், ஒரே ஒரு பகல். ஆயில் மாற்றணும், கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை வடிக்கணும், பேட்டரியைக் கழற்றி சார்ஜ் ஏற்றி நிழலில் வைக்கணும், ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து டயரைத் தரையிலிருந்து தூக்கணும். ஆறு பேர் போதும், நான் வருகிறேன். இன்னும் ஐந்து பேர் பெயர் கொடுங்கள். துறைத் தலைவரிடம் பேசி சாவி வாங்குவது சங்கச் செயலாளர் பொறுப்பு.