தூண்டில் போட நல்ல இடம் எது? லொகேஷன் மட்டும் போதாது... ஏன்?

‘ப்ரோ, மீன் கிடைக்கிற லொகேஷன் இருந்தா அனுப்புங்க!’ - புதிதாக ராடும் ரீலும் வாங்கிய பலரும் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால், ‘எங்கே?’ என்பது பாதிக் கேள்விதான். ‘எப்போது?’ என்பது மீதி.

சென்னையை அடுத்த முட்டுக்காடு முகத்துவாரத்தையே எடுத்துக்கொள்வோம். கடல் ஏறும்போது சிறு மீன்களும் இறாலும் உள்ளே வரும். அவற்றைத் துரத்திக்கொண்டு கொடுவாவும் வரும். தண்ணீர் ஓட்டம் நின்றால் கடியும் குறையும்.

கடலின் ஏற்ற இறக்கம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். 7 நாளில் கிட்டத்தட்ட 6 மணி நேரம். அதாவது, போன ஞாயிறு காலை 6 மணிக்குத் தண்ணீர் ஏறி நின்றிருந்தால், இந்த ஞாயிறு அதே நேரத்தில் அநேகமாக இறங்கிக் கிடக்கும். ‘போன வாரம் செம கடி, இந்த வாரம் ஒண்ணுமே இல்ல’ என்று புலம்புவதற்கு முன் இதைக் கவனிக்க வேண்டும்.

நேரத்தை ஆப் சொல்லிவிடும். முகத்துவாரத்தை மணல் மூடியிருக்கிறதா, எங்கே பள்ளம், எங்கே இழுப்பு அதிகம் என்பதை அங்கே தினமும் வலை வீசுபவரிடம்தான் கேட்க வேண்டும். ‘அண்ணே, தண்ணி எப்படி இருக்கு?’ என்று பேச்சைத் தொடங்கினாலே போதும். ஆனால், அவர் வலை போடும் இடத்தில் தூண்டில் வீசக் கூடாது. வார இறுதியில் வருபவருக்கு அது பொழுதுபோக்கு. அவருக்கு அன்றைய வருமானம். அவர் காட்டிய இடத்தை ரீல்ஸ் போட்டு ஊருக்கே சொல்வதும் நியாயமில்லை.

முதல் முறை தூண்டில் இல்லாமல், தண்ணீர் இறங்கிய நேரத்தில் போய்ப் பார்ப்பது நல்லது. அப்போது கண்ணில் படும் பள்ளமும் பாறையும்தான் நீர் ஏறியதும் மீன் பதுங்கும் இடங்கள்.