பதவியில்லாத ஆலோசகர்

அரசியல் ஆலோசகர்களில் இரு வகை உண்டு. ஒருவர் நியமனக் கடிதம் பெற்றவர். மற்றவருக்குத் தலைவரின் நம்பிக்கைதான் பதவி. மலேசியாவின் முன்னாள் பிரதமர் நஜிப் துன் ரசாக்கின் பெயரோடு ஒட்டிக்கொண்ட இருவரும் இரண்டாம் வகை. தலைவர் வெள்ளந்தி, கூட இருந்தவர்கள்தான் கெடுத்தார்கள் என்று அண்மையில் ஓர் இதழ் பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறது.

முதலாமவர் அரசியல் ஆய்வாளர் அப்துல் ரசாக் பகிண்டா. மங்கோலியப் பெண் அல்தான்துயா 2006இல் கொல்லப்பட்ட வழக்கில் உடந்தை என்று குற்றம் சாட்டப்பட்டு, 2008இல் எதிர்வாதத்துக்கே அழைக்கப்படாமல் விடுதலையானார். தண்டனை இரு போலீஸ்காரர்களுக்குக் கிடைத்தது. பகிண்டா அமர்த்தியிருந்த தனியார் துப்பறிவாளர் பி. பாலசுப்பிரமணியம், நஜிப்பையும் தொடர்புபடுத்தி 2008 ஜூலை 3 அன்று சத்தியப் பிரமாணம் வெளியிட்டு, மறுநாளே மீட்டுக்கொண்டார். தொடர்பை மறுத்துவந்த நஜிப் அடுத்த ஏப்ரலில் பிரதமரானார்.

இரண்டாமவர் நம் ஊர்க்காரர். ஜார்ஜ்டவுனில் 1981இல் பிறந்த லோ தெக் ஜோவுக்கு அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியில் நாற்காலி கிடையாது. ஆனால் அதன் பெரிய முடிவுகளில் அவர் கை இருந்தது. பெட்ரோசவூதி கூட்டு முயற்சிக்கென்று 2009இல் அனுப்பப்பட்ட 100 கோடி டாலரில் 70 கோடி, அவர் கட்டுப்பாட்டிலிருந்த குட் ஸ்டார் நிறுவனத்துக்குப் போனது. நிறுவனத்திடமிருந்து திசைமாறிய மொத்தத் தொகை 450 கோடி டாலருக்கு மேல் என்பது அமெரிக்க நீதி அமைச்சின் கணக்கு. லோ எல்லாவற்றையும் மறுத்துவிட்டுத் தலைமறைவானார். 2013 தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு நஜிப்பின் சொந்தக் கணக்கில் ஏறத்தாழ 68 கோடி டாலர் வந்து சேர்ந்தது. அவ்வாண்டு சீனப் புத்தாண்டுக்குப் பினாங்கு ஹான் சியாங் திடலில் கொரியப் பாடகர் சையை ஆடவைத்தார்கள். பாரிசானுக்குத் தயாரா என்று பிரதமர் மேடையில் கேட்க, கூட்டம் இல்லையென்று கத்தியது. மே மாதத்தில் மாநிலச் சட்டமன்றத்தின் 40 இடங்களில் 30 எதிரணிக்குப் போயின. பினாங்குக்காரர்களுக்கு இலவசக் கச்சேரியும் வேண்டும், சொந்தப் புத்தியும் வேண்டும்.

அவ்விதழின் வாதம் புதிதன்று. 1எம்டிபியின் துணை நிறுவனமாயிருந்த எஸ்ஆர்சி தொடர்பான வழக்கில் நஜிப் தரப்பு சொன்னதே அது. லோ ஏமாற்றினார், பணம் அரபு நன்கொடை என்று நம்பினேன் என்ற வாதத்தை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. 4 கோடியே 20 லட்சம் வெள்ளி தொடர்பான அந்த வழக்கில் 2020 ஜூலையில் 12 ஆண்டுத் தண்டனை விழுந்தது. 2022 ஆகஸ்ட் 23 அன்று கூட்டரசு நீதிமன்றம் உறுதிப்படுத்த, காஜாங் சிறைக்குப் போனார். தண்டனை பின்னர் பாதியாகக் குறைக்கப்பட்டது வேறு கதை.

ஆலோசகரைத் தேர்வது யார் பொறுப்பு என்பதற்குக் குறளே பதில் சொல்கிறது; வள்ளுவரைப் பாட்டுப்போட்டிக்கு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அதன் அதிகார வைப்புமுறை கண்ணில் படுவதில்லை. அமைச்சு 64ஆம் அதிகாரம், அங்கவியலில் வருகிறது. துணையைத் தேடுவதும் ஆளைத் தேர்ந்து தெளிவதும் அதற்கு முன்பே, 45இலும் 51இலும், அரசனின் சொந்த வேலையாக அரசியலில் வந்துவிடுகின்றன. அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கு சோதனைகளையும் பரிமேலழகர் விரிக்கும் விதம் அலாதி: பொருளுக்குச் சேனைத்தலைவன், இன்பத்துக்குத் தவமுதுமகள் என்று அரசன் ஆள்விட்டுப் பார்க்கிறான். பணத்தாசை காட்டிச் சோதிக்க வேண்டியவரிடமே பணத்தை ஒப்படைத்த கதைக்கு அந்த உரையில் இடமில்லை. இடித்துச் சொல்ல ஆளில்லாத அரசனைக் கெடுக்கத் தனியாக ஒருவன் வேண்டாம் என்பதும் வள்ளுவர் கருத்துதான்.

இடித்துச் சொல்ல ஆள் இருந்தது. 1எம்டிபி பற்றி வெளிப்படையாகக் கேள்வி எழுப்பிய துணைப் பிரதமர் முகிதீன் யாசின் 2015 ஜூலை 28 அன்று நீக்கப்பட்டார். சட்டத்துறைத் தலைவரின் பதவியும் அதே நாளில் போனது. இவ்விரண்டு நீக்கங்களையும் எந்த ஆலோசகர் தலையில் கட்டுவது என்று அவ்விதழ் எழுதவில்லை.