காசியின் தேவ தீபாவளி

ஆசிரியருக்கு,

காசியின் தேவ தீபாவளி பற்றிய கட்டுரை படித்தேன். படகுகள், லேசர் காட்சி, வாணவேடிக்கை எல்லாம் இருந்தன. பஞ்சகங்கா படித்துறை மட்டும் இல்லை. ஆயிரம் அகல் ஏற்றும் கல்தூண் அங்குதான் நிற்கிறது. காசி விசுவநாதர் கோயிலை 1780இல் மீண்டும் கட்டிய அகல்யாபாய் ஹோல்கர் எழுப்பியது அது. இன்று அஸி முதல் ராஜ்காட் வரை பரவியிருக்கும் இந்த விழாவுக்கு 1980களில் புத்துயிர் கிடைத்ததும் அந்தப் படிகளில்தான்.

இன்னொன்றும் விடுபட்டுவிட்டது: ஆகாச தீபம். அங்கே வடநாட்டுக் கணக்குப்படி கார்த்திகை மாதம் முழுவதும் உயரமான மூங்கில்களின் உச்சியில், பிரம்புக் கூடைக்குள் விளக்கு வைத்து ஏற்றுவார்கள். முன்னோருக்கு வழிகாட்டும் ஒளி என்பது நம்பிக்கை. போரில் உயிர்நீத்த வீரர்களுக்காகவும் இப்போது ஏற்றுகிறார்கள். அந்த மாதம் முடியும் பௌர்ணமிதான், சிவன் திரிபுரம் எரித்ததைக் கொண்டாடும் தேவ தீபாவளி. ஒரே இரவின் கோலாகலமாக மட்டும் அதை எழுதினால், மாதம் முழுக்க எண்ணெய் ஊற்றிக் காத்தவர்களின் பக்தி மறைந்துபோகிறது. எனக்கு அது தாங்கவில்லை.

ஆற்றில் விடும் விளக்குகளைப் பற்றியும் எழுதுங்கள். இலைத் தொன்னையில் பூவும் திரியும் வைத்து விடுவதே வழக்கம். தெர்மாகோல் கிண்ணங்களைக் கங்கையில் மிதக்கவிடுவது வழிபாடாகாது. அடுத்த ஆண்டு யாத்திரை போகும் தமிழர்களாவது கேதார் படித்துறையிலோ அனுமான் படித்துறையிலோ மண் அகலைப் படியிலேயே ஏற்றிவைத்துத் திரும்பட்டும்.

ஒரு வாசகி,
கும்பகோணம்