கைக்கருவி பொம்மை அல்ல

அமெரிக்க பெஞ்ச்ரெஸ்ட் துப்பாக்கிப் போட்டியாளர்களின் கையடக்க உறைசீவியைப் 'பொம்மை' என்று கேலி செய்வோருக்கு ஒரு கேள்வி. அவர்கள் ஆயிரக்கணக்கான உறைகளையா சீவுகிறார்கள்? எண்ணிக்கையில் கொஞ்சமான பித்தளை உறைகளுக்கே மீண்டும் மீண்டும் மருந்து நிரப்பிச் சுடுகிறார்கள். அதையும் பெரும்பாலும் போட்டித் திடலிலேயே செய்கிறார்கள். அங்கே மோட்டார் எந்திரம் எதற்கு?

சுட்டுச் சுட்டு, அச்சில் அழுத்தி எடுக்க எடுக்க, உறையின் கழுத்து நீளும். அளவு மீறினால் துப்பாக்கி அறையின் விளிம்பில் முட்டி, குண்டை இறுக்கிப் பிடிக்கும், அழுத்தம் எகிறும். ஆபத்து சுடுபவரின் முகத்துக்கு அருகில்!

இதைத் தடுப்பது மோட்டார் அல்ல, ஒவ்வோர் உறையையும் வெர்னியரில் அளக்கும் பழக்கம். சீவியபின் வாய்ப்பிசிறை உள்ளும் புறமும் நீக்கும் பொறுமை. எந்திரம் வேகம் தரும், சரி. பொறுமையையும் சேர்த்தா விற்கிறார்கள்?