எண்ணெய்க்கு வந்த காவல்

டெக்சாஸ் மாநிலத்தின் ஈஸ்ட்லாந்தில் 1920களில் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர் பாய்ஸ் ஹவுஸ். பக்கத்து ஊரான ரேஞ்சரின் எண்ணெய்க் காலத்தைப் பற்றி 1935இல் நூல் எழுதினார். ஆயிரம் பேர் வாழ்ந்த ரேஞ்சரில் ஓரிரு ஆண்டுகளுக்குள் 30,000 பேர் குவிந்தார்கள். 1921 வாக்கில் கிணறுகள் தளர்ந்தன, வங்கிகள் மூடின. இப்படிப்பட்ட கதை பத்திரிகைக்காரர் மனதில் நிற்காமல் என்ன செய்யும்?

ஆனால், அதைத் தொடங்கிவைத்ததே வறட்சிதான். மழை பொய்த்துப் பருத்தி கருகிய பிறகே ஊர்ப் பெரியவர்கள் நிலக்கரி கம்பெனியிடம் போய், எண்ணெய்க்குத் துளையிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். 1917 அக்டோபரில் எண்ணெய் பீறிட்டது. அன்று முதல் எண்ணெய்தான் செய்தி. தண்ணீர் வானிலைப் பத்திக்குப் போய்விட்டது.

தண்ணீர்ப் பஞ்சத்தை வானத்தின் கணக்கில் எழுதுவது சட்டத்துக்கு ரொம்ப வசதி. டெனிசன் ஊரில் ரயில்வே கம்பெனி நாளுக்கு 25,000 காலன் இறைத்ததில் அருகிலிருந்த வீட்டுக் கிணறு வற்றியது. வீட்டுக்காரருக்கு நஷ்டஈடு கிடையாது என்று 1904இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலத்தடி நீர் போகும் வழி மனிதருக்குப் புலப்படாதது என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. யார் இறைக்கிறாரோ அவருக்கே சொந்தம்!

எண்ணெய்க்கும் முதலில் இதே நியாயம்தான். பக்கத்து நிலத்துக்காரர் உறிஞ்சுவதற்குள் நாம் உறிஞ்ச வேண்டும் என்று வேலியோரமெல்லாம் துளையிட்டார்கள். 1931இல் கிழக்கு டெக்சாஸில் பீப்பாய் விலை 10 சென்ட் அளவுக்கு விழுந்ததும், ஆளுநர் ராஸ் ஸ்டெர்லிங் படையை அனுப்பிக் கிணறுகளை மூடவைத்தார். (அவரே ஒரு பெரிய எண்ணெய் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர்.) பிறகு, எவ்வளவு எடுக்கலாம் என்று, பெயருக்கு மாறாக எண்ணெயையும் கவனித்துவந்த மாநில ரயில்ரோடு ஆணையம் அளந்து கொடுத்தது. பூமிக்கடியில் ஓடுவதை அளக்க முடியாது என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

தண்ணீருக்கு யாரும் படை அனுப்பவில்லை. ஃபோர்ட் ஸ்டாக்டனின் கொமான்சி ஊற்றுகளை நம்பியிருந்த பாசன விவசாயிகள், மேற்குப் பக்கத்தில் பம்பு வைத்து இறைத்தவர்கள் மீது வழக்குப் போட்டு 1954இல் தோற்றார்கள். பிறகு ஊற்றுகளும் வற்றின.

1949 முதல் உள்ளூர் நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு மாவட்டங்களுக்குச் சட்டம் இடம் தருகிறது. எண்ணெய் கொழிக்கும் பெர்மியன் படுகையின் சில பகுதிகளில் இன்றும் அவை இல்லை. எண்ணெயைப் போலவே நிலத்தடி நீரும் நிலத்துக்காரரின் சொத்து என்று 2012இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. எண்ணெய்ச் சட்டத்திலிருந்து சொத்துரிமை தண்ணீருக்கு வந்துசேர்ந்தது. மாநிலம் முழுவதற்குமான அளந்து கொடுக்கும் ஆணையம் வரவில்லை.