மைதானம் பிறகு, பயிற்சியாளர் முதலில்
விளையாட்டுத்துறை அமைச்சருக்குக் கல்முனையிலிருந்து ஒரு திறந்த மடல்

மாண்புமிகு இளைஞர் விவகார, விளையாட்டுத்துறை அமைச்சர் அவர்களுக்கு,



2026 ஜூலை 23 ஆம் திகதி கிளாஸ்கோவில் பொதுநலவாய விளையாட்டு விழா தொடங்குகிறது. அதில் பங்கேற்கும் நாடுகளின் பட்டியலைப் பார்க்கும்போது நவுரு என்ற பெயரில் ஒரு நிமிடம் நில்லுங்கள். எங்கள் ஊரைப் பற்றி உங்களிடம் பேச எனக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்கவில்லை.

பசிபிக் சமுத்திரத்தில் தனித்துக் கிடக்கும் ஒற்றைத் தீவு அது. பரப்பளவு 21 சதுர கிலோமீற்றர். பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று நீளும் எங்கள் கல்முனை மாநகர சபைப் பிரதேசமும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆனால் நவுருவில் இருப்பவர்கள் சுமார் 12 ஆயிரம் பேர். இங்கே ஒரு லட்சத்துக்கு மேல். கிழக்கே கடல், மேற்கே வயல் வட்டை. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் சுவரோடு சுவர் முட்ட வீடு கட்டிக்கொண்டு இருக்கிறோம்.

அந்தச் சின்னத் தீவிலிருந்து மார்கஸ் ஸ்டீபன் என்ற இளைஞர் 1990 இல் ஒக்லாந்துக்குப் போய், பளுதூக்கலில் தன் நாட்டுக்கு முதலாவது பொதுநலவாயத் தங்கத்தை எடுத்தார். 1992 இல் பார்சிலோனா ஒலிம்பிக் வந்தபோது நவுருவுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஒலிம்பிக் குழு இல்லை. மனிதர் சமோவாவின் குடியுரிமை பெற்று அந்த நாட்டுக்காகத் தூக்கினார். பிறகு நவுருவுக்கும் ஒலிம்பிக் அங்கீகாரம் வந்தது. பொதுநலவாய விழாக்களில் மட்டும் அவர் வென்றவை 7 தங்கம், 5 வெள்ளி. 2007 முதல் 2011 வரை அவரே நாட்டின் ஜனாதிபதி. பளு தூக்கினவர் நாட்டையும் தூக்கினாரா என்பது அந்த ஊர்க்காரர்கள் சொல்ல வேண்டியது, நமக்கு வேண்டாம்.

மார்கஸ் ஸ்டீபன் படித்தது அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில். அங்கே போல் கொஃபா என்ற பயிற்சியாளரின் கையில் விழுந்தார். அதே கொஃபா பின்னர் பசிபிக் தீவுகளுக்கென்று ஒரு பொதுப் பயிற்சி நிலையத்தை நடத்தினார். முதலில் பிஜியில், பிறகு சமோவாவில், அதன் பிறகு நியூ கலிடோனியாவில். தீவு தீவாக ஆளெடுத்து, ஒரே இடத்தில் தங்க வைத்து, சாப்பாடு போட்டுப் பயிற்றுவிப்பது அதன் முறை. எந்தத் தீவும் தனியாக அப்படி ஒன்றைக் கட்டியிருக்க முடியாது. சேர்ந்து நடத்தியதால் முடிந்தது.

அந்த நிலையத்தில் உருவான ஒருவர்தான் கிரிபாட்டியின் டேவிட் கட்டோஅட்டாவு. 2014 இல் இதே கிளாஸ்கோவில் 105 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். கிரிபாட்டி அதற்கு முன் பொதுநலவாய விழாவில் ஒரு பதக்கமும் கண்டதில்லை. அவரைப் பற்றி உலகம் அதிகம் பேசியது அவருடைய ஆட்டத்துக்காக. பளுவைக் கீழே போட்டுவிட்டு மேடையிலேயே நடனமாடுவார். கடல் ஏறி ஏறித் தன் நாட்டை விழுங்குகிறது என்பதை உலகம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காக ஆடினார். 2015 இல் உலகத்துக்கு ஒரு திறந்த மடலும் எழுதினார். அந்த வகையில் அவர் எனக்கு முன்னோடி. 

கடலைப் பற்றி எங்களுக்கும் சொல்ல இருக்கிறது. 2004 டிசம்பரில் இந்த அம்பாறை மாவட்டம்தான் நாட்டிலேயே அதிக உயிர்களை ஆழிப்பேரலைக்குக் கொடுத்தது, பத்தாயிரத்துக்கு மேல். ஒலுவில் துறைமுகம் வந்த பிறகு ஒலுவில், நிந்தவூர்க் கரைகள் அரிக்கப்பட்டுத் தென்னைகள் சரிந்ததை உங்கள் அரசாங்கத்தின் வேறு அமைச்சுகள் அறியும். கரைவலை இழுத்த இடத்தில் பிள்ளைகள் பந்தடித்தார்கள். அந்த இடத்தில் இப்போது தண்ணீர் நிற்கிறது. இது உங்கள் துறைக்கு வெளியே உள்ள விடயம் என்று சொல்வீர்கள். மைதானத்துக்குக் காணி தேட வரும் எந்த உத்தியோகத்தரிடமும் கேட்டுப் பாருங்கள், எவ்வளவு உள்ளே என்பது விளங்கும்.

பசிபிக் நாடுகளையெல்லாம் நான் ஒரே தட்டில் வைத்துப் புகழவில்லை. துவாலு என்ற நாடு இருக்கிறது, 26 சதுர கிலோமீற்றர். தலைநகரான ஃபுனாஃபுட்டியில் விளையாட வெறும் நிலம் மிகக் குறைவு. விமானம் வராத நேரத்தில் ஓடுபாதையில்கூட மாலையில் பந்தாடுவார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு அந்த நாடு அனுப்பியது ஒரே ஒருவரை, எட்டிமோனி டிமுவானி. அவர் உண்மையில் உதைபந்தாட்டக்காரர். தகுதி நேரம் எட்டாத நாடுகளுக்குக் கொடுக்கும் இடத்தில் 100 மீற்றர் ஓடி, முதல் சுற்றோடு திரும்பினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கொடியை ஏந்தினார், ஓடினார், நாட்டின் பெயர் ஒலித்தது. ஆனால் நவுரு வென்றதற்கும் துவாலு கலந்துகொண்டதற்கும் இடையில் இருப்பது நிலத்தின் அளவு அல்ல. ஒரு பயிற்சியாளரும், அவரிடம் ஆளை ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்கும் ஏற்பாடும்தான்.

பிஜியைப் பாருங்கள். எழுவர் ரக்பியில் 2016 இல் பிரித்தானியாவை 43-7 என்று அடித்துத் தங்கம். அது அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம். டோக்கியோவில் மறுபடி தங்கம், பரிஸில் வெள்ளி. ரியோ வெற்றியின் மகிழ்ச்சியில் அரசாங்கம் 7 டொலர் நாணயத்தாள் அச்சிட்டது. ரியோ அணியின் பயிற்சியாளரான பென் ரயன் என்ற ஆங்கிலேயருக்கு மூன்று ஏக்கர் காணி கொடுத்தார்கள். எங்களுக்கு வரும் பயிற்சியாளருக்கு நீங்கள் காணி கொடுக்க வேண்டாம். மாதச் சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்தால் போதும். கொடுக்கக் கல்முனையில் காணியும் இல்லை.

இனி நம் நாட்டுக் கணக்கு. 2024 பரிஸ் ஒலிம்பிக்குக்கு இரண்டு கோடிக்கு மேல் மக்கள் உள்ள இலங்கையிலிருந்து போனவர்கள் ஆறு பேர். 1948 இல் டங்கன் வைட், 2000 இல் சுசந்திகா ஜயசிங்க. இந்த இரண்டு பதக்கங்களைத் தவிர ஒலிம்பிக்கில் நமக்கு வேறில்லை. சுசந்திகா சிட்னியில் மூன்றாவதாக வந்தார், முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்தை ஒப்புக்கொண்ட பிறகே அந்த வெண்கலம் வெள்ளியானது. சமோவாவின் பளுதூக்கல் வீராங்கனை எலே ஒபெலோகேவுக்கும் இதே கதைதான். பெய்ஜிங்கில் நான்காம் இடம். முன்னால் நின்ற இருவர் ஊக்கமருந்துச் சோதனையில் விழுந்ததும் எட்டு ஆண்டுகள் கழித்து வெள்ளி. சமோவாவின் மக்கள்தொகை நம்முடைய அம்பாறை மாவட்டத்தின் பாதிகூட வராது.

அம்பாறைக் கரையில் திறமை இல்லையா? பொத்துவில் மொஹமட் அஷ்ரப் 2016 தெற்காசிய விளையாட்டு விழாவில் 4x100 மீற்றர் அஞ்சலோட்டத்தில் தங்கம் வென்ற இலங்கை அணியில் ஓடியவர். நிந்தவூர் கபடிக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து அஸ்லம் சஜா தேசிய அணி வரை போனார். இவர்கள் எங்கள் பெருமை. ஆனால் இவர்கள் ஒரு முறைமை உருவாக்கிய வீரர்கள் அல்லர். பசியும் பிடிவாதமும், இரவு பஸ்ஸும் உருவாக்கியவர்கள்.

அந்த இரவு பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலமெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதில் போனவன் நான். எங்களுக்கு ரயில் இல்லை, மட்டக்களப்புக்குப் போய்த்தான் ஏற வேண்டும். ஆகவே பஸ். இரவுச் சாப்பாட்டை முடித்து, பிள்ளையின் உம்மா கட்டித்தந்த சோற்றுப் பொதியோடு ஏறினால், விடியற்காலையில் கோட்டையில் இறங்கலாம். முகம் கழுவி, ஒரு பள்ளிவாசலில் சுபஹ் தொழுது, பிளேன்டீ குடித்து, சுகததாச விளையாட்டரங்குக்குப் போனால் அன்று காலையே தகுதிச் சுற்று. பக்கத்துப் பாதையில் நிற்கிறவன் முந்திய இரவு விடுதியில் கால் நீட்டிப் படுத்தவன். நூறு மீற்றரில் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குத் தோற்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பும் பிள்ளையிடம் என்ன சொல்வது? அவன் ஓட்டத்தில்தான் தோற்றான் என்று எனக்கு ஒருபோதும் சொல்ல வாய் வந்ததில்லை.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் காற்றாகப் பறக்கும் பிள்ளை, சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு மைதானத்துப் பக்கமே வருவதில்லை. எங்கள் சமூகம்தான் தடுக்கிறது என்று கொழும்பில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியைக் கேளுங்கள். பயிற்றுவிக்கப் பெண் பயிற்சியாளர் இல்லை, உடை மாற்ற ஒழுங்கான அறை இல்லை, மஃரிபுக்கு முன் வீடு சேர வாகனம் இல்லை. இந்த மூன்றும் இல்லாத இடத்துக்கு மகளை அனுப்பாத தகப்பனை நான் பழமைவாதி என்று சொல்ல மாட்டேன்.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவின் பெண்கள் கபடி இறுதிப் போட்டியை முடிந்தால் எடுத்துப் பாருங்கள். தலையை மூடி, முழுக்கை உடுத்த ஈரானியப் பெண்கள், கபடியின் தாய்வீடான இந்தியாவை 27-24 என்று தோற்கடித்துத் தங்கம் வென்றார்கள். அவர்களைப் பயிற்றுவித்தவர் சைலஜா ஜெயின், நாசிக்கைச் சேர்ந்த இந்தியப் பெண்மணி. ஈரான் செய்தது இவ்வளவுதான்: நல்ல பயிற்சியாளர் எங்கே இருக்கிறார் என்று பார்த்து, அவரை அழைத்து, தன் பெண்களை அவரிடம் ஒப்படைத்தது. கபடி 1990 முதல் ஆசிய விழாவில் இருக்கிறது. நிந்தவூரில் அதற்கும் முந்திய தலைமுறையிலிருந்து இருக்கிறது. இரண்டையும் சேர்த்துவைக்க ஓர் ஆள் தேவை.

கடற்கரைக் கரப்பந்தாட்டமும் அப்படித்தான். 2018 இல் வனுவாத்துப் பெண்கள் இருவர் பொதுநலவாய விழாவில் அதில் வெண்கலம் வென்றார்கள். நீளக் கைச் சட்டையும் காற்சட்டையும் அணிந்து ஆட 2012 இலேயே சர்வதேச விதி இடம் கொடுத்துவிட்டது. 2016 ரியோவில் எகிப்தின் துஆ அல்-கொபாஷி ஹிஜாபோடு ஆடியதை உலகமே பார்த்தது. மணலுக்கு இங்கே பஞ்சமில்லை.

அமைச்சர் அவர்களே, இந்தக் கரையோரத்துக்கு அரசியல்வாதிகள் வாக்குறுதி தரும்போதெல்லாம் தருவது விளையாட்டரங்கைத்தான். அடிக்கல் நடுவது படத்துக்கு நன்றாக இருக்கும், பயிற்சியாளரை நியமிப்பது படத்தில் விழாது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பிரதி விளையாட்டுத்துறை அமைச்சராகவே இருந்திருக்கிறார். கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்தைப் பற்றி நாங்கள் பேசாத காலம் இல்லை. அங்கே பார்வையாளர் மண்டபம் வந்தால் மகிழ்ச்சிதான். அது வரும்வரை எங்கள் பிள்ளைகளுக்கு வயது நின்றுகொண்டிருக்காது. ஓட்டக்காரன் உருவாகும் வயது சில ஆண்டுகள்தான்.

ஆகவே நான் கேட்பது பசிபிக்காரர்கள் செய்ததை. பொத்துவிலிலிருந்து கல்முனை வரை, விரும்பினால் மட்டக்களப்பையும் சேர்த்து, ஒரு பொதுப் பயிற்சி நிலையம். புதுக் கட்டடம் வேண்டாம். இருக்கிற பாடசாலை விடுதி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மைதானத்தோடு. முஸ்லிம், தமிழ், சிங்களப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே விடுதியில் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டால் அதில் யாருக்கும் நட்டம் வராது. கபடி, மெய்வல்லுநர், கடற்கரைக் கரப்பந்தாட்டம் என்று மூன்றே மூன்றை எடுங்கள். பத்தையும் எடுத்தால் பத்தும் கெடும். அவற்றுக்கு முழுநேரப் பயிற்சியாளர்கள் வேண்டும். அவர்களில் பாதிப் பேராவது பெண்கள். தமிழ் பேசுகிறவர்களாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் திறமையானவர் வரட்டும், மொழியைப் பிள்ளைகள் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். தெரிவுப் போட்டிச் சுற்றறிக்கைகள் சிங்களத்தில் வரும் அன்றே தமிழிலும் வர வேண்டும். கொழும்பில் காலையில் தகுதிச் சுற்று என்றால், தூர மாவட்டப் பிள்ளைகளுக்கு முதல் நாள் இரவு படுக்க ஒரு கட்டிலும் வேண்டும்.

கிளாஸ்கோவுக்கு இது உதவாது, எனக்குத் தெரியும். போல் கொஃபாவும் ஒரு வருடத்தில் ஒன்றும் செய்யவில்லை. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்கென்று ஓர் ஒதுக்கீடு செய்யுங்கள். தொகையைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். அடிக்கல்லோடு மட்டும் வராதீர்கள், பயிற்சியாளர்களின் பெயர்ப் பட்டியலோடு வாருங்கள்.

இப்படிக்கு,
கல்முனையிலிருந்து
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்